அடைப்பில் கிடந்த வீடு

நல்ல நட்சத்திரம் பார்த்துச் சாகத் தெரியாத மனிதர் என் அப்பா. புரட்டாசி மழை பிடித்த ஒரு நாளில் கரும்புக் கொல்லையில் பாம்பு தீண்டி, வீட்டுக்குத் தூக்கி வந்து கிடத்திய கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். பெரியப்பா பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் ஓடிப்போய்த் திரும்பி வந்து, அவிட்டம் என்றார். கூடியிருந்தவர்கள் அதுவரை அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் வீட்டுக்காக அழ ஆரம்பித்தார்கள்.

அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்து அந்த வழியாக எடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப்போட வேண்டும். விளக்கு ஏற்றக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, யாரும் தலை வைத்துப் படுக்கக் கூடாது. மீறினால் அதே குடும்பத்தில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். வடக்குச் சுவரைப் பெரியப்பாவே கடப்பாரையால் இடித்தார். இடித்துக்கொண்டே தம்பி, தம்பி என்று அழுதார்.

அந்தச் சுவருக்கு மண் மிதித்தவள் அம்மா. நான் வயிற்றில் இருந்தபோது மிதித்தாளாம். பாகம் பிரிந்து வந்த கையோடு அவளும் அப்பாவுமாகக் கட்டிய வீடு. ஒரே ஒரு கூடம், சமைக்க ஒரு தாழ்வாரம், மேலே கரும்புத் தோகை வேய்ந்த கூரை. பெரிய வீடொன்றும் இல்லை. ஆனால் அதை விட்டால் அவளுக்கென்று ஊரில் வேறு இடம் கிடையாது. கதவைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிறு இருந்த இடத்தில் ஒரு நூலில் கோத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மா, நான், அப்போதுதான் நடை பழகியிருந்த என் தம்பி, மூன்று பேரும் கொல்லையில் இருந்த வெல்லக் கொட்டகைக்குப் போனோம். தை மாதம் கரும்பு வெட்டினால் பாகு காய்ச்சுகிற இடம் அது. ஒரு பக்கம் சுவரே இல்லை. தரையெல்லாம் பழைய பாகு ஒட்டி எறும்பு மொய்க்கும். மழைச்சாரல் உள்ளே வரும்போது அம்மா தம்பியை வெல்லக் கொப்பரைக்குள் சாக்கு விரித்துப் படுக்க வைப்பாள்.

அது இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். எங்களை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். ஊர் நிர்வாகத்தைப் பார்க்கிற அலுவலகத்தை மேரி என்போம். கார்த்திகையில் மேரியிலிருந்து குமாஸ்தா ஒருவர் வந்தார். கோட்டும் வேட்டியும் போட்ட தமிழ் ஆள்தான். தலையாரி தமுக்கு அடிக்க, அவர் எங்கள் தெருமுனையில் நின்று ஒரு காகிதத்தைப் படித்தார். அந்தத் தெருவில் சந்தை கட்டப் போகிறார்கள். வீடு இருக்கிற மனையைத் தொடமாட்டார்கள். பாழ்மனையை எடுத்துக்கொள்வார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எது வீடு, எது பாழ் என்பதையும் படித்தார். நாலு பக்கமும் முழுச் சுவர், கதவு, கூரை இருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், மனிதர்கள் இரவு தங்க வேண்டும். அது வீடு. சுவர் உடைந்து, ஆள் இல்லாமல், அடுப்பு எரியாமல் கிடப்பது பாழ். மாடு கட்டவும் விளைச்சல் போடவும் உள்ளது கொட்டகை. அதில் ஆள் தங்கினாலும் அது குடியிருப்பு ஆகாது. தை பிறந்ததும் வந்து பார்த்து எழுதிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா அன்றைக்கே பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, சுவத்த அடைச்சிட்டு நான் அடுப்ப மூட்டிக்கிறேன். வுட்டா வூடு போயிடும்."

"இன்னா பேசற நீ? பங்குனி வரைக்கும் அடைப்பு. நடுவுல தொறக்கறதா?"

"பங்குனியில தொறக்கறதுக்கு வூடு இருக்கணுமே."

"மண்ணு போனா மண்ணு வரும்மா. என் தம்பி போயிட்டான். மிச்சம் இருக்கறது ரெண்டு புள்ளைங்கதான். அதுல ஒண்ணையும் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்காத."

அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆசை போகவில்லை. ஆனால் அவர் எங்கள் மனைக்கு அலைந்தவர் இல்லை. உண்மையாகவே பயந்தார். கெட்டவராக இருந்திருந்தால் அம்மா எதிர்த்து நின்றிருப்பாள்.

மார்கழி முழுக்க அவள் மனசு அங்கேயும் இங்கேயும் அலைந்தது. தை நெருங்கியபோது துணிந்துவிட்டாள். ஒருநாள் வயலிலிருந்து ஈர மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய், சுவரில் இருந்த ஓட்டைக்குக் கீழே கொட்டினாள். இரண்டாவது கூடைக்கு அவள் திரும்பி வந்தபோது தம்பிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. காலையில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை. அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், தன் கையில் இருந்த மண்ணைப் பார்த்தாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் போகவில்லை.

குமாஸ்தா சொன்னபடி வந்தார். ஆள் வந்து கூப்பிட்டதால் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டைச் சுற்றி வந்து வடக்குச் சுவரின் முன்னால் நின்றார்.

"இத யாரு இடிச்சது?"

"நாங்கதான்."

"எதுக்கு?"

"பொணத்த எடுக்க."

அவர் தலையை ஆட்டினார். புரியாத ஆள் இல்லை. அம்மாவுக்கும் அது தெரிந்தது.

"ஐயா, நீங்களும் இந்தப் பக்கத்து ஆளுதானே. உங்க வூட்டுல அடைப்பே வுழுந்தது இல்லியா?"

"வுழுந்துதும்மா. எங்கப்பா செத்தப்போ வுழுந்துது. எங்க வூடு ரெண்டு கட்டு. ஒண்ணப் பூட்டிட்டு இன்னொண்ணுல இருந்துக்கினோம்."

"நாங்க கொட்டாயில இருக்கறோம். பங்குனி வரைக்கும் பொறுங்க, போதும்."

"கொட்டாயில இருந்தா கணக்குல வராதும்மா. தொர எழுதுனதுல வூடு இருக்குது, கொட்டாய் இருக்குது, பாழ் இருக்குது. அடைப்புன்னு ஒண்ணு இல்ல. இல்லாதத நான் எப்பிடி எழுதறது?"

"அப்போ நாங்க எங்க இருக்கறோம்?"

அவர் காகிதத்தை விரித்தார். வருத்தப்பட்டார் என்றே நினைக்கிறேன். வருத்தப்பட்டுக்கொண்டே பாழ் என்று எழுதிக்கொண்டு போனார். பிரெஞ்சுக்காரனுக்கு எங்கள் சாவு தெரியாது, அவனை விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே எழுதிய அந்த மனிதரைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

தம்பி அந்தத் தை மாதக் கடைசியில் கொட்டகையில் செத்துப்போனான். வீட்டை யாரும் திறக்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை, அடுப்பு மூட்டவில்லை. அப்படியும் செத்தான். பக்கத்துக் கொல்லைகளில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், ஊரெல்லாம் அந்த இனிப்பு வாசனை. பெரியப்பா மறுபடியும் பஞ்சாங்கம் பார்க்க ஓடினார். நல்ல நட்சத்திரம்தான், குறை ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல நட்சத்திரமா மாமா, என்று மட்டும் கேட்டாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாசியில் வீட்டை இடித்தார்கள். நாங்கள் கொல்லையில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டோம். மண்சுவர் விழுவதற்குப் பெரிய சத்தம் வராது. உள்ளே இருந்த பானை சட்டிகளையும் கதவையும் தலையாரி வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். கதவைப் பூட்டோடு கொட்டகையில் சாத்தி வைத்தோம். சாவி அம்மா கழுத்திலேயே கிடந்தது.

பங்குனியில் ஆறு மாதம் முடிந்தது. அன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்தாள். அடைப்பு கழிந்தால் வீட்டைத் திறந்து, கழுவி, பால் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சின்னப் பானை, ஒரு செம்பு பால், கொஞ்சம் சுள்ளி, இரண்டு தம்ளர் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். பெரியப்பா வழியில் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளிப் பின்னாலேயே வந்தார்.

வீடு இருந்த இடத்தில் சந்தைக்குக் கல்தூண்கள் நட்டிருந்தார்கள். அம்மா ஒரு தூணைத் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து நிதானமாக நடந்து, எங்கள் தாழ்வாரம் இருந்த மூலையைக் கண்டுபிடித்தாள். மூன்று கல்லைக் கூட்டி வைத்துத் தீ மூட்டினாள். தலையாரி ஓடிவந்தார்.

"இங்க அடுப்பு மூட்டக் கூடாதும்மா. சந்த எடம் இது."

"அடுப்பு எரிஞ்சாதான் வூடுன்னு உங்க காயிதத்துல இருக்குது. எரியுது, பாத்துக்க."

அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். தலையாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பால் பொங்குகிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு அவரே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அடுப்பை அணைத்தார்.

அம்மா பாலை இரண்டு தம்ளரிலும் ஊற்றினாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றைக் கையில் வைத்து ஊதி ஊதி ஆற்றினாள். நான் என்னுடையதைக் குடித்து முடித்தேன். நன்றாக ஆறிவிட்டதா என்று புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, அதையும் என்னையே குடிக்கச் சொன்னாள்.