முதுகில் ஓர் ஒட்டு

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். ராஜபாளையத்தில் கண்காட்சிக் கூடமாக மாறிவிட்ட பழைய பஞ்சுக் கிடங்கின் வாசலில் என் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே, மூன்றாவது சுவரில், என் முதுகு மாட்டப்பட்டிருந்தது.

வரைந்தவர் சென்னையில் ஓவியம் படித்துத் திரும்பிய ஓர் அக்கா. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பஞ்சுப் பொதி ஒன்றின்மேல், அவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தேன். கண்காட்சிப் படங்களுக்கு நான் குறிப்பு எழுதுவது வீட்டுக்குத் தெரியும், இது தெரியாது. நூலகம் என்று சொல்லியிருந்தேன். பொய் சொல்லி வெளியே போனால் படிப்பு அன்றோடு நிற்கும் என்று, கல்லூரியில் சேர்த்த நாளிலேயே அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்பவர்.

முகம் தெரியாத படத்தில் என்னை யார் அறியப்போகிறார்கள் என்று நினைத்தேன். அன்றியும், இந்தக் கிடங்கில் நடந்த முதல் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஓவியர்களும் அவர்களுடைய நண்பர்களும்தாம். பிறகு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். பிறகு ஷிப்ட் முடிந்த மில் பெண்கள். பிறகு குழந்தைகளோடு குடும்பங்கள். கூட்டம் பெருகுவதை மகிழ்ந்து கவனித்த நான், அது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவரை எட்டும் என்று எண்ணவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை அம்மாவை நேராக அந்தச் சுவருக்கே இழுத்துப்போனாள்.

"ஏட்டி, இவ ஏன் மூஞ்சியக் காட்டாம உக்காந்திருக்கா? மாமியாகூடச் சண்டையோ?"

அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் என் பிழை எனக்கு உறைத்தது. அம்மா ரவிக்கை தைப்பவள். ஊர்ப் பெண்களை முகத்தைவிட முதுகால் அதிகம் அறிந்தவள். படத்தில் நான் அணிந்திருந்த பச்சை ரவிக்கையும் அவள் தைத்ததுதான். துணி பற்றாமல் முதுகில் ஓர் ஒட்டுப் போட்டிருந்தாள். பாதித் தையலில் பச்சை நூல் தீர்ந்து, மீதியைக் கறுப்பில் முடித்திருந்தாள். அக்கா இரண்டு நிறத்தையும் விடாமல் வரைந்திருந்தார்.

தூணருகே நின்றேன். கையிலிருந்த குறிப்பு அட்டைகள் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அம்மா படத்துக்கு மிக அருகே குனிந்தாள். விரலை நீட்டி, தொடாமல், ஒட்டின் ஓரமாக மெல்ல நகர்த்தினாள். பச்சை முடிந்து கறுப்பு தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கடைசி பஸ்ஸு வரைக்கும் இருக்கணுமா? இப்பவே வாரியா?"

பேருந்தில் அத்தை முன்னிருக்கையில் உறங்கிப்போனாள். அம்மா சன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"எத்தன நாளு?"

"நாலு ஞாயிறு."

"லைப்ரரி." அந்தச் சொல்லை மட்டும் சொன்னாள். பிறகு, "பொதி குத்தலையாட்டி?"

"குத்துச்சு."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கா. ஆனா ஒங்கப்பாட்ட நான் சொல்ல மாட்டேன். மறைக்கவும் மாட்டேன். நீயே சொல்லிரு. காலையில, அவிய காப்பி குடிச்ச பொறவு."

அவள் கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அச்சம் இருந்திராது.

மறுநாள் காலை அந்தப் பச்சை ரவிக்கையையே அணிந்தேன். அப்பா டம்ளரைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. எப்போதும் ஒட்டை மறைத்துக் கிடக்கும் பின்னலை, படத்துக்கு அமர்ந்தபோது போலவே, எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன். அவர் எதிரே போய் நின்று, "அப்பா, அந்த நாலு ஞாயித்துக்கெழமையும் நான் லைப்ரரிக்குப் போகல" என்றேன்.