சமூகத்துக்கு நல்லது

லண்டனில் ஒரு கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். மூத்த அதிகாரி பதவி ஒன்று காலியாகப் போகிறது, அது எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். மேலாளர் கூப்பிட்டார். நகரின் கிழக்கில் உள்ள கிளைக்குத் தமிழர்கள் நிறைய வருகிறார்களாம், நான் அங்கே போனால் சமூகத்துக்கு நல்லதாம். எனக்குத் தமிழ் பேச வருமா என்று அவர் கேட்கவே இல்லை. பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தேர்வு முடிந்துவிட்டது.

தொழிற்சங்கத்துப் பெண்ணிடம் கேட்டேன். மொழி தெரிந்தவர் வேண்டுமென்று ஆள் போடலாம், இன்ன இனத்தவர் என்பதற்காக ஒருவரைத் தூக்கி வேறிடத்தில் போட முடியாது, அது சட்டவிரோதம் என்றார். அதை அப்படியே மேலாளரிடம் சொன்னேன்.

"இது பாகுபாடு இல்லை, பாராட்டு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பாராட்டைச் சுமந்துகொண்டு மேற்கே ஹவுன்ஸ்லோவில் இருக்கும் வீட்டிலிருந்து நகரத்தின் மறுகோடிக்கு ரயில் ஏறினேன்.

நம்மவர்கள் வீடு கேட்டு வந்தாலும் முதலில் விசாரிப்பது ஊரைத்தான்.

"பிள்ளை ஊரிலை எவடம்?" என்று கேட்டார் ஒரு அன்ரி.

"குருநகர்."

"ஆற்றை மகள்?" என்று அப்பாவின் பெயரைக் கேட்டார்.

சொன்னேன். கிங்ஸ்பரியில் இருக்கும் என் பெரியம்மாவும் அவரும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்பவர்கள் என்று தெரியவந்தது. அவ்வளவுதான், அன்ரியின் வாய் பூட்டிக்கொண்டது. ஏதோ வீட்டுக்குள் நடந்த விஷயம். என்னிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் வாசலுக்குப் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. என் பெரியம்மாவை எனக்குத் தெரியாதா?

"குறை நினையாதையுங்கோ பிள்ளை. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை விடுங்கோவன். இங்கிலீசிலை நான் சமாளிப்பன்."

அன்று மேலாளர் கிளையைப் பார்க்க வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இனம் பார்த்து ஊழியரை மாற்றுவதைச் சட்டம் அனுமதிக்காது. அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்."

"இனம் பாத்து ஆளை மாத்தச் சட்டம் விடாதாம் அன்ரி."

அன்ரி என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அப்ப உங்களை என்னத்தைப் பாத்து இஞ்சை இருத்தினவை?"

"என்ன சொல்கிறார்?" என்று மேலாளர் சிரித்த முகத்தோடு கேட்டார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. அன்ரி தன் விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து போனார்.

மறுவாரமே என்னைப் பழைய இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மூத்த அதிகாரி நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நான் கிளையில் இருந்தபோது நேர்முகம் நடந்து முடிந்ததாம். கிளை ஊழியர்களை அதற்குக் கூப்பிடும் வழக்கம் இல்லையாம். மேலாளர் என் தோளில் ஆறுதலாகத் தட்டினார்.

"அது முழுக்க முழுக்கத் தகுதி பார்த்துச் செய்த நியமனம்" என்றார்.