ஈயம் குறைந்த வலை

முற்றத்தில் காயப்போட்டிருந்த வலையில் ஐந்து ஈயக் குண்டுகள் குறைந்திருந்தன. எண்ணும்படி என்னை யாரும் கேட்கவில்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை மா மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வேலை போய்விட்டது, எண்ணுவது போகவில்லை. கூரையில் மாற்றிய ஓடு, குடாவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல், குசினியில் மிச்சமிருக்கும் வெங்காயம், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு தொகை இருக்கும். தொகை பிழைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வலை என் மருமகனுடையது. தங்கையின் மகன். முப்பத்தாறு வயது. தங்கை போனபிறகு என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். என் மனைவியும் இல்லை. இரண்டு ஆண்கள், ஒரு குசினி, ஒரு பைபர் போட். ஈயங்கள் அறுந்து விழவில்லை, கத்தியால் சீராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. களவு போயிருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை. போகட்டும் மாமா, வேறை கோப்பம் என்றான். ஒரு தூண்டில் காணாமல் போனால் போட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறவன் அவன். ஈயம் போனதைவிட அந்தப் பதில்தான் என்னை உறுத்தியது.

அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். பெண்ணுக்கு ஊர் இலங்கைத்துறை. ஒருமுறை கட்டியவள். புருசன் கடலில் இறந்து ஐந்தாறு வருடம் இருக்கும், பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். வீடு பெண்ணுடையது. முதல் புருசன் போய் இருந்ததும் அதே வீடுதான். பெண் கேட்டுப் போனபோது முன் விறாந்தையில் அந்த மனிதரின் படம் மாட்டியிருந்தது. ஆறடிக்குக் குறையாத ஆள். பக்கத்தில் தொங்கவிட்ட பெரிய சுறா, அதன் செட்டையில் ஒரு கை. என் மருமகன் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தான். சுறாவைப் பார்க்கிறான் என்று நான் நினைத்தேன்.

நாள் குறித்தபிறகு வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவனிடம் அவனே காசைக் கொடுத்து வாங்கி, பிரிக்காமல் உள்ளே கொண்டுபோனான். இரண்டு நாள் கழித்து அதன் பெட்டி குப்பை வாளியில் கிடந்தது. அதில் ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் காகிதம். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விட என்னால் ஏலாது. ஆண்குறி என்ற சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதை எழுதாமல் இதைச் சொல்லவும் வழியில்லை. அதைப் பெருப்பிக்கும் குளிசை, பூசும் தைலம், காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் குழாய் என்று மூன்று சாமான்கள் ஒரே பெட்டியில் வந்திருந்தன. குளிசைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை. செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை. மாட்டுக்குத் தீவனம் வந்தாலும் மூட்டையில் அதெல்லாம் அச்சடித்திருக்கும்.

என்ன குளிசை விழுங்குகிறாய் என்று சாப்பிடும்போது கேட்டேன். விற்றமின் என்றான். இருவரும் மீனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். தாய்மாமன் இந்தக் கதையை எந்த இடத்தில் தொடங்குவது? காலையில் யோசித்து வைக்கும் வசனம் அவன் கடலால் வந்து செருப்பைக் கழற்றும்போது வாயில் நிற்காது. அதற்குள் ஈயம் குறைந்தது.

ஈயத்தை நான் எண்ணிய அன்று மத்தியானம், பின்னறைக் கதவை உள்ளேயிருந்து தட்டினான். வெளியே நிற்கிறவன்தான் கதவைத் தட்டுவான். உள்ளே இருந்து தட்டல் வந்ததும் நான் எழுந்து ஓடினேன். கொண்டியைத் தானே எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி கட்டிலில் போய் இருந்தான். முகம் வெளிறி, கட்டியிருந்த சாரம் வியர்வையில் நனைந்திருந்தது.

நடந்ததை அவன் துண்டு துண்டாகச் சொல்ல நான் கோத்துக்கொண்டேன். குளிசையாலும் குழாயாலும் அவன் நினைத்தது நடக்கவில்லை. குழாய் வைத்தால் வீங்கும், சற்று நேரத்தில் பழையபடி ஆகிவிடும். பாரம் கட்டித் தொங்கவிட்டால் நீளும் என்று போனில் ஒருவன் சொல்வதைப் பார்த்திருக்கிறான். அதற்கென்று விற்கும் கருவிக்குக் காத்திருக்க அவனுக்குப் பொறுமையில்லை. பாரம் கட்டுவது அவன் தொழில். வலையிலிருந்து ஈயத்தை வெட்டினான். சீலையைச் சுற்றி, அதன்மேல் தங்கூசியால் கட்டினான். மீன்பிடிக்கும் நைலோன் நூலுக்குத்தான் எங்கள் பக்கத்தில் தங்கூசி என்று பேர். போட்டது தூண்டில் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், தானாக ஒருபோதும் இளகாது. பாரை மீன் இழுத்தாலும் விடக்கூடாது என்பதற்காகவே போடுகிற முடிச்சு அது. கரையில் நிலத்தில் வேலைசெய்கிற ஒருவன் இதைச் செய்திருந்தால் அவனுடைய முடிச்சு அவிழ்ந்து ஈயம் காலில் விழுந்திருக்கும். இவனுக்கு முடிச்சுக் கை தப்பாது.

இரவு முழுக்கக் கடலில் இருந்தவன், கட்டியபடியே கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது சீலை நழுவியிருந்தது. நூல் தசைக்குள் புதைந்து, அதன்மேல் வீங்கி, நுனி கருநீலமாகியிருந்தது. ஈயத்தை வெட்டிவிட்டான், நூலை வெட்ட முடியவில்லை. நூல் எங்கே என்றே தெரியவில்லை. சிறுநீரும் போகவில்லை.

என்னிடம் அவன் கேட்டது சவர பிளேட். என் கை எப்படி நடுங்கும் என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"அங்கை ஏலாது மாமா. அவளின்ர பெரியம்மா மகள் அங்கைதான் நேர்ஸ். நாளைக்கு இலங்கைத்துறை முழுக்க என்ர கதைதான்."

தோப்பூரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகலாம் என்றான். தோப்பூருக்கு எத்தனை பாலம், எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும். அவ்வளவையும் ஓட்டோவில் குலுங்கிப் போய்ச் சேரும்போது கையில் என்ன மிஞ்சியிருக்கும்? எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு, மீன் இழுத்த நூல் விரலைச் சுற்றி விரல் போனது. அதை அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

"அவருக்கு விரல் பத்து. ஒண்டு போக ஒன்பது மிஞ்சினது. உனக்கு இது ஒண்டு. ஒண்டிலை ஒண்டு போனால் மிச்சம் எவ்வளவெண்டு நீயே கழிச்சுப் பார்."

அந்த வலியிலும் அவன் வாய் ஒருபக்கம் கோணியது. "நீங்கள் சாகேக்கையும் கணக்குத்தான் மாமா" என்றான். எழுந்து நின்றான். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினான்.

அந்த நேர்ஸ் அன்று வேலையில் இருந்தாள். எங்களைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் ஒன்றும் கேட்காமல் மறைப்புத் துணியை இழுத்துவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனாள். பிறகு அந்தப் பக்கம் அவள் வரவேயில்லை, வேறொரு ஆண் உதவியாளரை அனுப்பினாள். அது அவளது மரியாதை என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அப்போது, செய்தி சொல்லப் போய்விட்டாள் என்றே நினைத்து வாங்குப் பலகையில் இருந்தபடி வியர்த்தேன்.

டொக்டர் இளைஞர், மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. ஊசி போட்டு மரத்துப்போகப்பண்ணி, வீக்கத்தை மெல்ல அமுக்கி, நூலைத் தேடி வெட்டி எடுத்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் இரத்தம் போகாமல் தசை அழுகி, நூலுக்குப் பதில் வேறொன்றை வெட்ட வேண்டி வந்திருக்கும் என்றார். இப்போதும் முழுக்கத் தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. தோல் ஆற வேண்டும். நரம்பு நசிந்திருக்கிறது, நுனியில் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். நிறம் மறுபடி கறுத்தால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் தடைப்பட்டால் உடனே வரவேண்டும்.

நான் அவரை இலேசில் விடவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் சொல்லிக் கேட்டேன். குளிசையால் ஒன்றும் வளராது, சிலதில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு மருந்து கலந்திருப்பார்கள், இருதய வருத்தக்காரன் விழுங்கினால் இரத்த அமுக்கம் விழுந்து ஆளே போகலாம் என்றார். குழாய் இரத்தத்தை உறிஞ்சி வீங்கவைப்பதுதான், அளவு மீறினால் உள்ளே சின்ன நாளங்கள் வெடித்துத் தழும்பாகும். தைலம் தோலைப் பொசுக்கும். அந்தத் தைலத்தை ஊசியால் உள்ளே ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டாம். அது கல்லாக இறுகிப் புண்ணாகும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். இழுக்கும் கருவி டொக்டர் பார்த்துக் கொடுப்பதும் இருக்கிறது, மாதக்கணக்காகப் போட்டாலும் கிடைப்பது சொற்பம். சத்திரசிகிச்சை செய்து உள்ளே பிடித்திருக்கும் நாரை வெட்டினால் வெளியே கொஞ்சம் தெரியும், ஆனால் நிற்கவேண்டிய நேரத்தில் பிடிமானம் இல்லாமல் தளம்பும், தழும்பு இழுத்து முன்னையிலும் கட்டையாகிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் விரல்மடித்துக் கேட்டேன். கடைசியில் கேட்கவேண்டியதைக் கேட்டேன். அவனுக்கு ஏதும் குறை இருக்கிறதா?

"ஒரு குறையும் இல்ல ஐயா. எல்லாரையும் போலதான். இப்படி வாறவங்க முக்காவாசிப் பேரும் சரியான அளவுள்ள ஆக்கள்தான்."

அதை அவனிடமும் சொன்னார்களாம். அவன் நம்பவில்லை. வார்ட்டில் நான் சோறு கொடுத்தபோது மெல்லச் சொன்னான்: "அந்தப் படத்தைப் பாத்தனீங்கள்தானே மாமா? அவன் இருந்த வீட்டிலை, அவன் படுத்த அறையிலை." சோற்றுக் கோப்பையில் இருந்த மீன்துண்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். அப்போதுதான் அவன் அன்றைக்கு விறாந்தையில் எதைப் பார்த்தான் என்று எனக்குத் தெரிந்தது.

அவன் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் பெண் வந்தாள். தனியாக, ஈச்சிலம்பற்றில் பஸ் ஏறி. துறைமுகத்தடியில் அவர்களுடைய ஊரார் ஒருவர், நான் ஆஸ்பத்திரிக்குச் சோற்றுப்பெட்டி கொண்டுபோனதைக் கண்டிருக்கிறார். இவள் அந்த நேர்ஸிடம் கேட்டாளாம். ஆஸ்பத்திரிக் கதை வீட்டுக்கு வராது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். கதிரை போட்டேன். சின்னச் சத்திரசிகிச்சை என்றேன். எங்கே என்றாள். வயிற்றுப் பக்கம் என்றேன். வயிற்றில் எந்தப் பக்கம் என்றாள். நான் சுவரில் ஒரு பல்லியைப் பார்த்தேன்.

பின்னறைத் திரை விலகியது. அவன் காலை அகட்டி நடந்து வந்து, அவளுக்கு எதிரே நின்றான். "மாமாவைக் கேளாதேங்கோ. நான் சொல்லுறன்."

நான் குசினிக்குப் போய்விட்டேன். ஆனால் எங்கள் குசினிச் சுவர் கூரைவரை போகாது. அவன் ஒன்றும் மறைக்கவில்லை. குளிசை, குழாய், ஈயம், முடிச்சு. கடைசியாகப் படம். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று வாசல் கேற்றின் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"அந்தச் சுறா அவர் பிடிச்சதில்லை" என்றாள். "வேறை ஆக்கள் பிடிச்சுக் கரையிலை தூக்கினது. பக்கத்திலை போய் நிண்டு படம் எடுத்தவர். அவர் போனபிறகு மாமி கொண்டந்து மாட்டினவ. நான் கழட்டேல்லை, அவ்வளவுதான்."

அவன் ஏதோ முணுமுணுத்தான், எனக்குக் கேட்கவில்லை. அவள் குரல் உயர்ந்தது.

"எங்கட கிணத்துக் கப்பி கிறீச்சிடுதெண்டு, பெண் கேட்டு வந்தண்டு போகேக்கை எண்ணெய் விட்டிட்டுப் போனீங்கள். ஆரும் கேக்கேல்லை. அதைப் பாத்துத்தான் நான் ஓமெண்டனான். அந்தக் கைவேலையை உங்கட மேலை காட்டச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவன் சிரித்தானா அழுதானா என்று குசினியில் இருந்து பிரித்தறிய முடியவில்லை.

போகும்போது என்னிடம் வந்து, நாளைத் தள்ளச் சொன்னாள். காரணம் பெண் பக்கத்தால் என்று சொல்லச் சொன்னாள். என்ன காரணம் என்று கேட்பார்களே என்றேன். பெண் பக்கத்தில் ஆயிரம் காரணம் இருக்கும், ஆண்கள் அதிலே நின்று துருவ மாட்டார்கள் என்றாள். உணர்ச்சி திரும்பாமல் விடலாம் என்று டொக்டர் சொன்னதையும் அவன் அவளிடம் சொல்லியிருந்தான். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் உறக்கம் கெட்டது. வீக்கம் வற்றியது, தோல் ஆறியது. அவன் நடக்கும் நடை நேரானது. ஆனால் உணர்ச்சி? மருமகனிடம் காலையும் மாலையும் அதை எப்படிக் கேட்பது? அவன் வலைக்குப் புது ஈயம் கோத்தான். பழைய ஐந்தையும் அவன் தொடவில்லை. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஈயத்தை எண்ணுவதுபோல அவன் முகத்தைப் பார்த்தேன். தொகை ஒரு தடவையும் சரியாக வரவில்லை.

ஒருநாள் விடிய, பல் தீட்டிக்கொண்டிருந்தவன் நின்றபடியே சொன்னான். "மாமா, ஊசி குத்துறமாதிரிக் கிடக்கு."

நல்லதுக்குக் குத்துகிறதா, கெட்டதுக்குக் குத்துகிறதா? கறுத்திருக்கிறதா, காய்ச்சலா, சிறுநீர் போகிறதா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டேன். எல்லாம் சரி என்றான். ஆனாலும் சட்டையை மாட்டச் சொன்னேன், கிளினிக்குக்குப் போக வேண்டும். அவன் மறுக்கவில்லை. போனை எடுத்து யாருடனோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தான்.

கிளினிக் வாங்கில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். எங்கள் முறை வருமுன் அவளும் வந்துவிட்டாள். பஸ்ஸில் நின்றே வந்ததாகச் சொன்னாள், காலில் செம்மண். வாங்கில் இடமில்லை. நான் எழுந்து அவளை அவன் பக்கத்தில் இருத்திவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றேன். டொக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. அவன் கைகள் மடியில் பின்னியிருந்தன. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு கையை எடுத்துத் தன் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டபோது மூவருமாகத்தான் எழுந்தோம். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.