சாமி முன்னால் வைத்த செருப்பு

முருகனை நம்பி வாழும் அன்பர்களுக்கு, என் வலது காலுக்கு நடந்ததையும் அவன் செய்த உதவியையும் சொல்கிறேன். நான் மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் பரதநாட்டியம் கற்பிப்பவள். நடந்ததை அன்றன்றே தேதியிட்டு எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவள். அதனால் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

1987 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. நவராத்திரி நிகழ்ச்சிக்கு ஒத்திகை. ஒரு தாண்டு தாண்டி இறங்கும்போது, பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேலே ஓங்கி உதைத்ததுபோல் இருந்தது. கோபமாகத் திரும்பினேன். பின்னால் யாருமே இல்லை. அடுத்த அடி வைத்தபோது கால் தரையில் இருப்பதே தெரியவில்லை. விழுந்துவிட்டேன்.

சுளுக்கு என்றார்கள். நானும் நம்பினேன். மூன்று வாரம் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். வலி குறைந்தது, ஆனால் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். குதிகாலையும் கெண்டைச்சதையையும் இணைக்கும் தசைநார் முழுக்க அறுந்துபோயிருந்தது. செப்டம்பர் 14 அன்று வெட்டித் தைத்தார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன்.

நடனத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. என் கணவர் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். காலையில் அவர் வேலைக்குப் போனபின், நானும் மாமியாரும்தான் அந்தச் சிறிய அடுக்குமாடி வீட்டில். கட்டுப் பிரித்த அன்று என் காலை நானே பார்க்க முடியவில்லை. கெண்டைச்சதை வற்றிப்போய், தோல் உரிந்து, யாருடைய காலோ போல் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி வகுப்பைத் தொடங்கிப் பார்த்தேன். ஒரு மாணவியின் தாய் வாசலில் நின்று சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க உட்கார்ந்துகிட்டே சொல்லிக் குடுத்தா பிள்ள எப்படி லா கத்துக்கும்? சினிமா பார்க்கிற மாதிரி நாங்கதான் உங்களப் பார்த்துக்கிட்டு இருக்கோம்." அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. தைப்பொங்கலுக்குள் வகுப்பே நின்றுவிட்டது.

உடற்பயிற்சி சிகிச்சைக்கு நவம்பரில் இருந்தே போய்க்கொண்டிருந்தேன். சாந்தி என்ற இளம்பெண் பயிற்சி கொடுத்தாள். குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி, முன்பாதத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். குழந்தையாக இருந்தபோதே செய்தது. குதிகால் அசையவே இல்லை. மாதங்கள் போகப் போக, நிலைமை மோசமானது. தைத்த தசைநார் இறுக வேண்டியதற்குப் பதிலாக நீண்டு தளர்ந்துகொண்டிருந்தது. மறுபடியும் வெட்ட வேண்டிவரும், இந்த முறை எப்படி முடியும் என்று சொல்ல முடியாது, ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதே சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

1988 ஜனவரி 27, புதன்கிழமை, சாந்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, குதிகாலுக்குக் கீழ வைக்க ஒரு கட்டை குடுத்தேன்ல? செருப்புக்குள்ள வச்சுத்தானே நடக்கிறீங்க?"

"வெளிய வரும்போதெல்லாம் வச்சுக்கிறேன்."

"வீட்டுல?"

"வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போடுவாங்களா? எதிர்லயே சாமி இருக்கு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! நாள் பூரா வெறுங்கால்லயா? குதிகால் தாழ்ந்தா நார் இழுபட்டு நீளும்ல? இங்க நான் தைக்கிறேன், அங்க நீங்க பிரிக்கிறீங்க."

எங்கள் வீட்டில் கூடமும் பூசையறையும் ஒன்றே. வாசலைத் தாண்டினால் முருகன் படம். மாமி, என் மாமியார், யாழ்ப்பாணத்துக்காரர். மருத்துவரே வந்தாலும் செருப்பை வெளியே கழற்றச் சொல்பவர். ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே மனம் வரவில்லை. வெறுங்காலோடு மேடையைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவள், செருப்புக் காலோடு எப்படி அவன் முன்னால் நிற்பேன்? காலையும் மாலையும் அவன் முன்னால் நின்று, நின்று, என் காலை நானே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று பிற்பகல் விளக்கின் முன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "ஆட வேண்டாம் அப்பா. நடக்க விடு. உன்னிடம் வருவதே என் காலுக்குக் கேடானால், நான் எங்கே போவேன்?"

மறுநாள் வியாழக்கிழமை. தனியாக எங்கும் போகாத மாமி, காலையில் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து திரிஷா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷாவில் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம். புதுச் செருப்பு. தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பித்தளைத் தட்டில் வைத்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு, முருகன் முன்னால் என் சலங்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாமி, செருப்பைப் போய்..."

"சலங்கையும் காலில கட்டுறதுதானே பிள்ளை? அதைச் சாமிக்கு முன்னால வைச்சுத்தானே எடுக்கிறனீ? இப்ப உனக்கு இதுதான் சலங்கை. கட்டையை உள்ள வைச்சுப் போடு."

தயங்கினேன்.

"போடு எண்டுறன். ஆனா இதோட தெருவுக்கு இறங்கினியெண்டா, மற்றக் காலையும் நான் முறிச்சுப் போடுவன்."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்று சிரித்தேன். செருப்போடு எழுந்து நின்று முருகனைக் கும்பிட்டேன். மாமி பக்கத்தில் நின்றார். யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

அதன் பிறகும் எளிதாக இல்லை. பயிற்சியில் பல நாள் வலியில் கத்தியிருக்கிறேன். ஆனால் தசைநார் மேலும் தளரவில்லை. இரண்டாவது அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். மே 27, வெள்ளிக்கிழமை. சுவரைப் பிடித்து நின்றேன். சாந்தி குனிந்து என் குதிகாலடியில் ஒரு தாளை நுழைத்தாள். தாள் அந்தப் பக்கம் வந்தது. "தூக்கிட்டீங்க லா அக்கா!" என்று கூவினாள். அவ்வளவு சிறிய உயரம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இதை எழுதுவது 1994இல். வலது கெண்டைச்சதை இன்றும் மெலிந்துதான் இருக்கிறது. என்னால் தாண்ட முடியாது, மேடையில் ஆடவும் இல்லை. மழைக்காலத்தில் வலி எழுப்பிவிடும். மாமி 1991இல் காலமானார். ஆனால் நான் நடக்கிறேன். நின்றபடி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். யாருக்குக் கால் வலித்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புகிறேன், எண்ணெயைத் தொட விடுவதில்லை.

உங்களில் யாராவது இப்போது கட்டிலில் கிடக்கலாம். பயிற்சியை விடாதீர்கள், வேண்டுதலையும் விடாதீர்கள். மனத்துக்குள் முணுமுணுக்காமல் வாய்விட்டுக் கேளுங்கள். அன்று நான் அழுதபோது, முருகன் எனக்குத் தரவிருந்த உதவி, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.