மடக்கிய விரல்

செல்வகுமாரி பிஞ்சை விரல் நீட்டிக் காட்டமாட்டாள். ஆள்காட்டி விரலை உள்ளே மடக்கி, புடைத்து நிற்கிற அந்தக் கணுவால்தான் காட்டுவாள். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவாள். பந்தலுக்கு அடியில் குனிந்து, நேற்று பூவாக இருந்தது இன்று காம்பில் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவாள். கணு முன்னால் போகும், கண் பின்னால் போகும். பக்கத்தில் ஆள் இல்லாதபோதும் அந்த விரல் நிமிராது. நீட்டிக் காட்டிய பிஞ்சு வெம்பி விழுந்துவிடும் என்பது குருவிநத்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த சேதிதான். மற்றவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். அவள் தூக்கத்திலும் கடைப்பிடித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் சரிந்து இறங்குகிற கொஞ்சம் நிலம், அவ்வளவுதான் தோட்டம். ஆடியில் அவரை, புடல், பீர்க்கன், பூசணி. ஐப்பசி மழையில் பாதி அழுகும், மீதி அவளுக்குப் பயந்து பிழைக்கும். கார்த்திகையில் ஆறு மேலேறி வந்துவிட்டால் எல்லாம் போச்சு. ஒரு வருஷம் பந்தல்கழிகளின் நுனிமட்டும் சேற்றுக்கு வெளியே நின்றன. ஊரே ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, தண்ணீர் வடிந்த மறுநாளே அவள் மண்வெட்டியோடு இறங்கினாள். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் தைப் பட்டத்துக்குக் கத்தரியும் தக்காளியும் வெண்டையும் அப்படி வந்தன. சித்திரை வெயிலில் மற்றவர்கள் தோட்டம் மண்ணாகக் கிடக்கும்போது அவளிடம் கீரையாவது இருக்கும்.

ஒவ்வொரு கொடியிலும் இருப்பதில் நல்ல காயாகப் பார்த்து ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டிவைப்பாள். அது விதைக்காய். வீட்டில் குழம்புக்கு ஒன்றும் இல்லாமல் போனாலும் அதில் கை வைக்கக்கூடாது.

நாற்றுக் கலைப்பதில் அவளுக்கு இரக்கம் கிடையாது. ஒரு குழியில் முளைத்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கி அங்கேயே நசுக்குவாள். "ஐயோ, நல்லா இருக்குதே, எனக்குக் குடேன்" என்று கேட்டவர்களுக்கும் கொடுத்ததில்லை. "ஒரு குழியில ரெண்டு நின்னா ரெண்டும் வெளங்காது" என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கடையில் காய் வாங்கியதில்லை. பாகூரிலிருந்து பாலித்தீன் பையோடு திரும்புகிற பெண்களை வழியில் நிறுத்தி, பையை விலக்கிப் பார்ப்பாள்.

"இன்னாடி இது, இவ்ளோ பளபளன்னு? கத்தரிக்காயா, பூச்சிமருந்து பாட்டிலா? வூட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு வாய் குடிங்க."

அவள் புருஷன் மணவாளன் கரும்பு போடுகிறவன். அவனுடைய மருந்தடிக்கும் டேங்க்கைத்தான் அவளும் தோட்டத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்க எடுப்பாள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கழுவிய டேங்க் பூவரசங்கிளையில் தலைகீழாகத் தொங்கவேண்டும். கழுவாதது மோட்டார் கொட்டகையில் நிமிர்ந்து நிற்கவேண்டும். தலைகீழாகத் தொங்கினால் அவள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மணவாளனுடைய தங்கை அஞ்சலாட்சி ஓர் ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தாள். மடுகரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் விஜயராஜ் கழுத்தெலும்பை உடைத்துவிட, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மணவாளன் கூட்டிவந்தான். எலும்பு பிறகு கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. வந்த அன்று மணவாளன் வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"இது உன் வூடு. உன்ன இங்கருந்து யாரும் போவச் சொல்லமாட்டாங்க."

அந்த 'யாரும்' யாரென்று செல்வகுமாரிக்குப் புரிந்தது. உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.

அஞ்சலாட்சிக்குப் போக்கிடம் வேறு இல்லை. அதனால் விடிவதற்குள் எழுந்து தண்ணீர் இறைத்தாள், பந்தல் கட்டினாள், எருக்கூடையைக் கோணல் தோளில் சுமந்தாள். ஒருநாள் தக்காளிப் பாத்தியில் நின்றுகொண்டு, "அஞ்சலா ஊத்துற தண்ணிக்குத்தான் இதுங்க சிரிக்குது" என்று செல்வகுமாரியே வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னதற்காக அன்று முழுக்க அவளிடம் எரிந்து விழுந்தாள்.

பங்குனியில் ஒரு காலை. செல்வகுமாரி புடலம்பந்தலுக்கு அடியில் குனிந்திருந்தாள். அந்த வருஷம் தையிலும் போட்டிருந்த புடல் ஆள் உயரத்துக்குத் தொங்கிற்று. பாத்தி ஓரத்தில் குடத்தோடு நின்ற அஞ்சலாட்சி கத்தினாள்.

"அண்ணி! தலைக்கு மேல! தோ! தோ!"

காய்களுக்கு நடுவே காயைப் போலவே தொங்கிக்கொண்டிருந்தது ஒரு சாரை. இவள் நிமிர்வதற்குள் கழியில் வழுக்கி வேலிப்பக்கம் போய்விட்டது. செல்வகுமாரி பாம்பைப் பார்க்கவில்லை. நீண்டு நிற்கிற விரலைப் பார்த்தாள்.

"விரல மடக்குடி."

"பாம்பு அண்ணி..."

"பாம்பு போயிட்டுது. நீ இன்னும் நீட்டிகினு நிக்குற. மடக்கு. கடிச்சித் துப்பு."

அஞ்சலாட்சி விரலைக் கடித்துத் துப்பினாள். பயம் தெளிந்து சிரிப்பு வந்தது. "நான் பாம்பத்தான் காட்டினேன் அண்ணி. வெம்பினா அது வெம்பட்டும்."

செல்வகுமாரிக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. அத்தோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம். வெண்டையில் வெள்ளை ஈ இருந்ததால் அன்று சாயங்காலம் கரைசல் கலக்கி, பூவரசில் தொங்கிய டேங்க்கை இறக்கி, தோட்டம் முழுக்க அடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் தக்காளிக் கொழுந்துகள் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டிருந்தன. அதற்கும் மறுநாள் வெண்டை இலை ஒடுங்கி வாத்துக்கால் மாதிரி ஆயிற்று. புடல்கொடியின் நுனி பின்னால் வளைந்து தன் தண்டையே தேடியது. பிஞ்சுகள் மஞ்சளாகி, தொடாமலே உதிர்ந்தன. சிவப்புத் துணி கட்டிய விதைப்புடலும் தரையில் கிடந்தது. ஓரத்தில் இருந்த சோளமும் வெங்காயமும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றன.

"பாத்துக்கோங்க, அந்தப் பக்கம் விரல் போவல" என்றாள் செல்வகுமாரி, வேலிக்கு அப்பால் கூடியிருந்தவர்களிடம். "போன எடம்தான் போச்சி."

மணவாளன் வந்தான். ஓர் இலையைக் கசக்கி மோந்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய், வெயில் ஏறியபிறகு திரும்பினான்.

"இன்னாங்க, பூச்சியா?"

"பூச்சி மாதிரி தெரியல."

"எப்படித் தெரியும்? உங்க தங்கச்சி விரல்ல பூச்சியா இருக்கும்? கட்டினவன் வூட்டயும் இப்படித்தான் நீட்டிக் காட்டியிருப்பா."

அஞ்சலாட்சி அண்ணனைப் பார்த்தாள். மணவாளன் பெரிய மனது பண்ணுகிறவன்போலக் கையை ஆட்டினான்.

"விடு. தெரியாம செஞ்சிட்டா. நடந்தது நடந்துபோச்சி."

அந்த மன்னிப்போடு அது தீர்ப்பாகிவிட்டது.

உதிர்ந்த விதைப்புடலிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்து எடுத்துவந்தாள் செல்வகுமாரி. அஞ்சலாட்சியின் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ரத்தம் கட்டுகிற அளவுக்கு இறுக்கினாள்.

"இதப் பாத்தா உனக்கும் ஞாபகம் இருக்கும், ஊருக்கும் தெரியும். அவுத்தேன்னா இந்த வூட்ல உனக்குச் சோறு இல்ல, சொல்ட்டேன்."

அஞ்சலாட்சி அவிழ்க்கவில்லை. அதோடு குளித்தாள், அதோடு பாத்திரம் தேய்த்தாள், அதோடு சோறு பிசைந்தாள். துணி ஈரம் காயாமல் நாற்றமடித்தது. உள்ளே தோல் வெளுத்து ஊறிப்போனது. தண்ணீர்க் குழாயடியில் பெண்களுக்குப் பொழுதுபோக்குக் கிடைத்தது.

"அஞ்சலா, எங்க வூட்டுக்காரு வராரு பாரு. கொஞ்சம் நீட்டிக் காட்டேன், எனக்கு ஒரு தொல்லை வுடும்."

"ஏய், அவ கிட்ட வெளயாடாத. கரண்ட் கம்பத்தக் காட்டிட்டான்னா ராத்திரிக்கு ஃபேன் ஓடாது."

சிரிப்பார்கள். முதலில் அஞ்சலாட்சியும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், மசக்கையாக இருந்த ஒரு பெண் இவள் வருவதைப் பார்த்துச் சிரிக்காமல் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். அதற்குப் பிறகு அஞ்சலாட்சி குழாயடிக்குப் போகவில்லை. தோட்டத்துக்கும் போகக்கூடாது. மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, வலது கையை இடது அக்குளுக்குள் ஒளித்துவைத்திருப்பாள்.

செல்வகுமாரி செடிகளைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினாள். பச்சையாக இருந்ததால் எரியாமல் நாள் முழுக்கப் புகைந்தது. தோட்டம் சொட்டையாகக் கிடந்தது. ஒரு வாரம் கருவாட்டுக் குழம்பிலும் துவையலிலும் ஓட்டினாள். பிறகு வேறு வழியில்லாமல் பாகூர் கடைத்தெருவுக்குப் போனாள். பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் திரும்பினாள். ஆனால் பஸ் நிறுத்தத்தில் ஊர்ப்பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி முந்தானையை மெதுவாக விலக்கிப் பார்த்தாள்.

"இன்னா செல்வகுமாரி, ஆளுக்கு ஒரு வாய் வருமா?"

யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. வீட்டுக்கு வந்து பையை அடுப்படியில் வீசினாள். கத்தரிக்காய் உருண்டு மணவாளன் காலடியில் போய் நின்றது.

"மடுகரைக்குப் போன் போடுங்க."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? அவ இந்த மண்ண மிதிக்கிற வரைக்கும் நான் வெத போடமாட்டேன். நானா அவளா, சொல்லிடுங்க. ஒரு குழியில ரெண்டு நிக்காது."

"அவன் மறுபடி அடிப்பான்டி."

"அடிச்சா அவன் பொண்டாட்டி. வெதச்சா என் தோட்டம்."

மணவாளன் குனிந்து கத்தரிக்காயைப் பொறுக்கிப் பைக்குள் போட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு போனை எடுத்தான்.

விஜயராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் வந்தான். தலை வாரியிருந்தான். மச்சானுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான்.

"கோவத்துல கை தெரியாம பட்டுட்டுது மச்சான். வேணும்னே செய்வேனா?"

"தெரியாம படறதுதான்" என்றான் மணவாளன் தரையைப் பார்த்து.

அஞ்சலாட்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, யாரும் போவச் சொல்லமாட்டாங்கன்னு சொன்ன."

"யாரும்மா இப்ப போவச் சொன்னாங்க? உன் வூட்டுக்காரு வந்து கூப்புடறாரு. நீயா போற. போயிட்டு வா."

அவள் அழவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் துணிப்பை வாசற்படியிலேயே கிடப்பதைக் கவனித்தாள். "அண்ணி, அந்தப் பைய எடுத்துக் குடேன்" என்று கேட்டாள். கேட்கும்போது பையைக் காட்டினாள். சிவப்புத் துணி சுற்றிய விரலை உள்ளே மடக்கி, கணுவால் காட்டினாள்.

செல்வகுமாரி பையை எடுத்துக் கொடுத்தாள். துணியை அவிழ்த்துவிடு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஆடி வந்தது. சாணம் தெளித்து, மண்ணைக் கொத்தி, கும்பிட்டு விதைத்தாள். அவரை ஏறிற்று, புடல் ஏறிற்று, பூசணி வேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்து படுத்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் தன்னைக் கேட்டவளுடைய வீட்டுக்கு முதல் பறிப்பில் ஒரு கூடை அவரையை அனுப்பினாள். பாலித்தீன் பையில் போட்டு அனுப்பினாள்.

ஆவணிக் கடைசியில் மடுகரையிலிருந்து செய்தி வந்தது. விஜயராஜ் மறுபடியும் அடித்துவிட்டான், இந்தத் தடவை கை முறிந்துவிட்டதாம். செய்தியை மணவாளன் பந்தல் ஓரமாக நின்று சொன்னான். செல்வகுமாரி அவரை பறிப்பதை நிறுத்தவில்லை.

"எந்தக் கை?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

அந்தப் பங்குனிக் காலையில் மணவாளன் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போனான் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பாகூரில் உர மருந்துக் கடை வைத்திருக்கிற கலீலுல்லாவிடம் போயிருக்கிறான். "கரும்புக்குக் களைக்கொல்லி அடிச்சிட்டு, சீட்டாட்டத்துக்கு நேரமாச்சேன்னு டேங்க்கக் கழுவாம தலைகீழா மாட்டிட்டேன் பாய். அது தெரியாம வூட்ல காய்ச்செடிக்கு அடிச்சிட்டாங்க. மாத்து மருந்து இருக்குதா?" என்று கேட்டிருக்கிறான். அதற்கு மாற்று இல்லை, அகன்ற இலையெல்லாம் போய்விடும், சோளமும் வெங்காயமும்தான் தப்பிக்கும் என்று கலீலுல்லா சொல்லியிருக்கிறார். "வூட்லருந்து யாராவது வந்தா சொல்லிடாதீங்க, அவ என்ன உரிச்சிடுவா" என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறான். கலீலுல்லா அதைப் புருஷன் பெண்டாட்டி வேடிக்கை என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த வீட்டில் அஞ்சலாட்சி என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.

மணவாளன் கடையிலிருந்து திரும்பியபோது, தங்கையின் விரலில் இன்னும் துணி கட்டியிருக்கவில்லை.