ஊட்டியில் துரைசானியாக இரண்டு இரவு

இந்தப் பதிவை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் இழுத்தடித்தேன். "அந்த பங்களா எப்படி, நாங்களும் போகலாமா?" என்று உங்களில் பலர் கேட்டபடியே இருந்தீர்கள். பங்களா நன்றாகத்தான் இருந்தது. நான் நடந்துகொண்டதுதான் நன்றாக இல்லை.

மே முதல் வாரம். மயிலாப்பூரில் காலை ஒன்பது மணிக்கே எங்கள் குழாயில் வெந்நீர் கொட்டுகிறது. ஏசி போட்டால் கரண்ட் பில், போடாவிட்டால் என் கணவர் ரகுவின் புலம்பல். எனக்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்களின் மலைவாசக் கதை என்றால் பைத்தியம். மெட்ராஸ் வெயில் தாங்காமல் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் நாள்கணக்கில் போய், நீலகிரியில் கோடை முழுக்க டேரா போடுவார்களாம். மே மாதத்தில் கணப்பு, புல்வெளியில் டீ, குதிரைச் சவாரி! ஊட்டிக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில் "அந்தக்கால துரைமார்கள் போலவே தங்கலாம்" என்று விளம்பரம் வந்தது. விடுவேனா நான்?

கணக்கு கேட்பவர்களுக்கு: அறை, ராத்திரி சாப்பாட்டோடு நாளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. மயிலாப்பூரிலிருந்து ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். இ-பாஸ் முதலிலேயே எடுத்துவிடுங்கள். நாங்கள் வழக்கமாகக் கூப்பிடும் டிராவல்ஸில் கார் எடுத்தோம். கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், டிரைவர் பேட்டா தனி. விடிகாலை நாலரைக்குக் கிளம்பி சாயங்காலம் ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டிரைவர் பெயர் தாஸ். நாற்பது வயது இருக்கும். அடையாறு ஆற்றோரம் குடியிருந்தவர், இப்போது செம்மஞ்சேரியில். "எங்க ஏரியாவையே காலி பண்ணி அங்க தூக்கிப் போட்டுட்டாங்கோ மேடம்" என்றார். இந்த ஓனரிடம் இதுதான் அவருக்கு முதல் வெளியூர் டிரிப். இது நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக வண்டி தருவதாக ஓனர் சொல்லியிருக்கிறாராம். "பொண்ணு காலேஜ் சேரப் போவுது மேடம், கரெக்டான டைமு" என்று சேலம் தாண்டும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார். மலைப்பாதையில் ஒரு ஹாரன் கூட அனாவசியமாக அடிக்கவில்லை.

முதல் ராத்திரி கணப்பின் முன்னால் சூப்பு. ஹாலில் பெரிய பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. தொப்பி வைத்த பெண்கள் டீ குடிக்கிறார்கள், படத்தின் ஓரத்தில் நம் ஆட்கள் நாலைந்து பேர் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழேயிருந்து கூட்டி வந்த வேலைக்காரர்கள், வெளியில்தான் படுப்பார்களாம், மேனேஜர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன மனுஷாளோ! குளிர்ல ஒரு ஜீவன் வெளில கெடக்கறதேன்னு தோணாதா இவாளுக்கு?" என்று பொரிந்து தள்ளினேன். பிறகு இரண்டாவது தடவை சூப்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை தாஸுக்குக் கண் இரண்டும் கோவைப்பழம். கை நடுங்குகிறது.

"ஏன் தாஸ், நைட்டு தூங்கலையா?"

"எங்க மேடம் தூங்கறது? நைட்டு ஃபுல்லா போட்டுக்கினேதான் இருந்தேன். போடலன்னா இந்தக் குளிரு தாங்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்: "ஒரேடியா போட்டாலும் ஆவாது. கொஞ்ச நேரம் போடறது, நிறுத்தறது, மறுபடி போடறது. ஓனரு கைல மட்டும் சொல்லிடாதீங்கோ மேடம், திட்டுவாரு."

உள்ளே ஓடி ரகுவிடம் சொன்னேன். "போட்டுண்டா மலைல வண்டி ஓட்டறான்?" என்று குதித்தார். வாடை எதுவும் வரவில்லையே என்றேன். சிலதெல்லாம் வாடை வராது என்றார். இதையெல்லாம் எங்கே தெரிந்துகொண்டாரோ! தாஸிடம் இன்னொரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நேரே ஓனருக்குப் போன் போட்டேன். "உங்க டிரைவர் ராத்திரி முழுக்கக் குடிச்சிருக்கார், அவரே ஒத்துண்டார்" என்றேன். "நீங்க ஊர் வந்து சேருங்க மேடம், அப்புறம் அவன நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்றைக்கு உள்ளூர் ஜீப் ஒன்று பிடித்துச் சுற்றினோம். தாஸிடம், "நீங்க இன்னிக்கு ரெஸ்ட் எடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப டேங்க்ஸ் மேடம். இந்த மாதிரி யாரும் சொல்லமாட்டாங்கோ" என்றார். ஜீப்பில் எனக்கு ஏதோ பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

மூன்றாம் நாள் காலை, தாஸ் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று ரகு பார்த்துச் சொன்ன பிறகே வண்டியில் ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கினோம். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாகத்தான் இறங்க வேண்டும். மேட்டுப்பாளையம் பங்கில் டீசல் போட நின்றோம். "என்னப்பா, ஒரு நாள் முழுக்க வண்டி ஓடவே இல்ல, டீசல் இவ்வளவு எறங்கியிருக்கு?" என்று ரகு கேட்டார்.

"ரெண்டு நைட்டும் ஹீட்டரு போட்டுக்கினுதான சார் கெடந்தேன்? மேடம் கைல சொன்னேனே."

"ரூம்ல ஹீட்டரா?" என்றேன், மடச்சி மாதிரி.

"ரூமு எங்க மேடம் கீது? டிரைவருக்கெல்லாம் எடம் கெடையாதுன்னுட்டாரு மேனேஜரு. வண்டியிலதான் படுத்துக்கினேன். கண்ணாடிய லைட்டா எறக்கிட்டு, இஞ்சின் ஸ்டார்ட் பண்ணி ஹீட்டரப் போடறது, நிறுத்தறது. டீசல் போச்சுன்னு ஓனரு கத்துவாரேன்னுதான் சொல்லாதீங்கோன்னேன்."

ரகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கூனிக் குறுகிப் போய், பங்குக்குப் பின்னால் நின்று ஓனருக்கு மறுபடி போன் செய்தேன். போட்டுக்கினு என்றால் ஹீட்டர், குடி இல்லை, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றேன். அவர் சிரித்தார். "கால்ல விழுந்துட்டானா மேடம்? உங்களுக்கு எளகின மனசு. ஹீட்டராம், நல்லா கத வுட்டிருக்கான்! நாளையிலேர்ந்து அந்த வண்டிக்கு வேற ஆளப் போட்டாச்சு, நீங்க நிம்மதியா வாங்க." கெஞ்சினேன், அதட்டினேன். நான் பேசப் பேச, இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறேன் என்றே அவருக்கு உறுதியானது. சென்னை வரைக்கும் தாஸிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். அறை புக் பண்ணும் முன் டிரைவர் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். கணப்பு உண்டா, வெந்நீர் உண்டா, பால்கனி உண்டா என்றெல்லாம் கேட்டவள், இதைக் கேட்கவில்லை. இடமில்லை என்றால் பக்கத்தில் ஒரு லாட்ஜ் பிடித்துக் கொடுங்கள், அல்லது அந்த பங்களாவே வேண்டாம்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. ராத்திரி வீட்டு வாசலில் பெட்டிகளை இரண்டு மாடி தூக்கி வந்து வைத்துவிட்டு, தாஸ் கொஞ்சம் தயங்கி நின்றார். "மேடம், ஓனரு கைல நம்மளப் பத்தி ஒரு வார்த்த சொல்றீங்களா?"

"சொல்லிட்டேன் தாஸ்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.