வலப்பக்க முன்கம்பு

துண்டை நான்காக மடித்துத் தோளில் வைத்துப் பார்த்தார் பாஸ்கல். சப்பரத்தின் கம்பு இன்னும் இரண்டு விரல் உயரத்தில் நின்றது. எட்டாக மடித்தார்.

"தலைகாணி ஒண்ணு எடுத்தாரவா?" என்றாள் மனைவி எல்ஸி. "நாப்பது வருசமா ஆசப்பட்ட எடம்லா. கொஞ்சம் வளந்துட்டு ஆசப்பட்டிருக்கலாம்."

"சும்மா இரு. ஆளுங்க பாக்குறாங்க."

பார்க்கட்டும் என்றுதான் அவரும் நினைத்தார்.

பத்து காஜா ஊருக்கு அப்பால் அவர்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமாகிவிட்டது. தொழிலாளர்களின் லயங்களை இடித்துவிட்டார்கள். அந்தோணியார் கோயில் மட்டும் மிச்சம். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஈப்போவிலிருந்து வந்து சப்பரம் தூக்குவார்கள். வலப்பக்க முன்கம்பு, வேலை வாங்கிய கங்காணியின் குடும்பத்துக்கு. ரப்பர் மரம் சீவிய பாஸ்கலின் அப்பா சாகும்வரை பின்கம்புதான். ஈப்போவில் அடுக்குமாடி வாசலில் காவலாளியாக இருக்கும் பாஸ்கலுக்கு முன்கம்பில் ஒரு நாளாவது நின்றுவிட வேண்டும். இந்த ஆண்டு கங்காணியின் பேரன் கென்னத் தானாகவே சொன்னான்.

"அங்கிள், நீங்க முன்னுக்கு வாங்க. நான் பின்னுக்குப் பிடிச்சுக்கிறேன்."

பூசையில் ஃபாதர், இயேசுவிடம் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்ட செபதேயுவின் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். பெரியவனாக விரும்புகிறவன் தொண்டனாக இருக்கட்டும் என்றார். யாரையோ குத்துகிறார் என்று பாஸ்கல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சப்பரம் கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே துண்டு நழுவி விழுந்தது. கம்பு தோளைவிட்டு மேலே போயிற்று. பாஸ்கல் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். கனமே இல்லை. கைபேசிகள் அவரைப் படம் எடுத்தன. அதே கம்பின் பின்முனையில் கென்னத்துக்கு மூச்சு வாங்குவது கேட்டது. போகப் போக அது மட்டும்தான் கேட்டது.

பழைய ரப்பர்பால் கொட்டகைக்கு முன்னால் பெஞ்சுகளைப் போட்டுச் சப்பரத்தை இறக்கினார்கள். கென்னத் காலரை விலக்கித் தோளைத் தடவினான். சிவந்து கிடந்தது.

"கனமா இருக்கா?" என்றார் பாஸ்கல்.

"பரவால்ல அங்கிள். போலாம். இன்னும் பாதிதானே."

பாஸ்கல் கம்பைப் பார்த்தார். கோயில் வாசலில்தான் மொத்தக் கூட்டமும் நிற்கும்.

"எனக்கு பாஹு சாகிட்லா," என்றார், எடையே தாங்காத தோளைப் பிடித்துக்கொண்டு. "தர்மா, நீ வா. நீதான் நெட்டையா இருக்க."

பெஞ்சு தூக்கிவந்த தர்மா தயங்கினான். "அப்ப பெஞ்சு யாருண்ணே தூக்குறது?"

"குடு."

"ரெண்டையும் தூக்கிக்கிட்டு சப்பரத்துக்கு முன்னாடி ஓடணும்ணே. தோள் வலின்னீங்க?"

"குடுறா. வலி ஒரு பக்கந்தான்."

பெஞ்சுகள் நல்ல கனம்.

மறுநாள் திங்கள். எல்ஸி தடவிய தைலத்தின் வாடை சட்டையில் இருந்தது. எந்தத் தோள் என்று அவள் கேட்டபோது, பெஞ்சு சுமந்த இடதை விட்டுவிட்டு வலதைக் காட்டியிருந்தார். ஏழு மணிக்கு வேலைக்குப் போனார். எட்டரைக்கு மழை பிடித்தது. மதியம்வரை கேட்டைத் திறந்து மூடினார்.